மதுரங்குளியில் வாங்கிய பலகைகள்

எங்கள் வீட்டுக் கோழி ஒன்றை அறுத்த அன்றுதான் இதெல்லாம் தொடங்கியது. என் கணவர் பிஸ்மி சொல்லி அறுத்துத் தந்துவிட்டு உப்பளத்து வேலைக்குப் போய்விட்டார். நான் கிணற்றடியில் குந்தியிருந்து இறகைப் பிடுங்கி, வயிற்றைத் திறந்து, இரைப்பையைக் கத்தியால் பிளந்தேன். வழக்கமாக உள்ளே மணலும் அரைபட்ட நெல்லும் சிப்பித் துண்டுகளும் இருக்கும். அன்று நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னச் சில்லுகள் இருந்தன. கோழி அவற்றை அரைத்து அரைத்து மணி மணியாக உருட்டி வைத்திருந்தது. கழுவக் கழுவ நிறம் பளிச்சென்று தெரிந்தது. நிமிர்ந்து, தலைக்கு மேலே இருந்த உடுப்புக் கொடியைப் பார்த்தேன். அதே நீலம், அதே சிவப்பு, அதே மஞ்சள். என் கிளிப்புகள்தான்.

புத்தளம் களப்போரம் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே பிளாஸ்டிக் சாமானுக்கு ஆயுசு கிடையாது. வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து அதை அப்பளமாக்கிவிடும். கிளிப்பை அழுத்தினால் விரலுக்குள் நொறுங்கும். வாளியின் பிடி கையோடு கழன்று வரும். சவர்க்காரப் பெட்டி, அகப்பை, குப்பை அள்ளுகிற தட்டு எல்லாமே ஒரு மாரிக்கும் அடுத்த மாரிக்கும் இடையில் வெளிறி, வெடித்து, முற்றத்து மணலோடு கலந்துவிடும். உடைந்ததைக் கூட்டித் தள்ளிவிட்டுச் சந்திக்குப் போய்ப் புதிதாக வாங்கி வருவோம். கூட்டித் தள்ளியது எங்கே போகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அந்தக் கோழியை நான் சமைக்கவில்லை. வேலிக்கு அப்பால் குழி வெட்டிப் புதைத்தேன். பிறகு கொடியில் இருந்த கிளிப்புகள் அத்தனையையும் கழற்றி ஒரு பையில் போட்டுக் கட்டினேன். பின்னேரம் வேலையால் வந்த கணவர், "எங்க கறி?" என்று கேட்டார். எடுத்து வைத்திருந்த சில்லுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவர் ஒரு சில்லை எடுத்து விரலுக்குள் உருட்டிப் பார்த்தார்.

"இதுக்கு முந்தியும் கோழி அறுத்துத் திண்டிருக்கிறம் தானே," என்றார்.

அன்று இரண்டு பேரும் வெறும் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டோம்.

எனக்குத் தச்சு வேலை தெரியாது. படிப்பித்துத் தர யாரும் இருக்கவும் இல்லை. வீட்டில் இருந்த சின்ன வாளும் ஒரு பழைய உளியும் தேங்காய் வெட்டுகிற கத்தியும்தான் என் ஆயுதங்கள். முதலில் வேலிக்கம்புகளை விரல் நீளத்துக்கு அறுத்து, ஒரு முனையில் பிளந்து, பிளவு மேலே ஓடாமல் கம்பியால் சுற்றினேன். அது கொடியில் நன்றாகவே கவ்விப் பிடித்தது. களப்புக் காற்று எவ்வளவு அடித்தாலும் சட்டை பறக்கவில்லை. அந்தச் சின்ன வெற்றி எனக்குத் தலைக்கேறிவிட்டது. அகப்பை செய்தேன். முதல் அகப்பை சோற்றை அள்ளாமல் தள்ளியது, இரண்டாவது அள்ளியது. சவர்க்காரம் வைக்கச் சின்னத் தட்டு செய்தேன். நடுவில் இடைவெளி விட்டுச் சட்டங்களை அறைந்தால் தண்ணீர் வடிந்துவிடும், சவர்க்காரம் கரையாது. அதைப் பார்த்த அயல் வீட்டுப் பெண்கள், "எனக்கும் ஒண்டு செஞ்சு தாங்க புள்ள," என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த நாட்களில்தான் குசினியில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலின் கால் விரிந்து நான் விழுந்தேன். இடுப்பில் அடிபட்டுப் படுத்திருக்கும்போதே, இனி இந்த வீட்டில் உட்கார மரவாங்குதான் என்று முடிவு செய்துவிட்டேன். வாங்குக்கு வேலிக்கம்பு போதாது, பலகை வேண்டும்.

மதுரங்குளிச் சந்தியில் இருந்து கொஞ்சம் உள்ளே, உடைத்த வீடுகளின் கதவு, ஜன்னல், கூரை வளை எல்லாம் வாங்கி விற்கிற ஒரு கடை இருந்தது. கடைக்காரர் சிங்களமும் தமிழும் கலந்து கதைப்பார். நான் போனபோது கடையின் பின்பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே, தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்த பலகைகள் அடுக்கியிருந்தன. அவற்றோடு இரண்டு நீளமான உருண்டைத் தண்டுகளும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு பலகையைக் கையால் தடவினேன். ஒரு பக்கம் வழுவழுவென்று இருந்தது. மற்றப் பக்கம் அப்படியே சொரசொரப்பு.

"இது எந்த வீட்டுப் பலகை?" என்று கேட்டேன்.

"வீடில்ல நோனா. யாரோ லொறியில கொண்டு வந்து கொட்டினது. பழைய கூரை மரத்தோட சேர்ந்து வந்தது. ஆனா நல்ல மரம். கறையான் கிட்டப் போகாது."

தண்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அவரே வற்புறுத்தினார். ஆட்டோக்காரர் அவற்றை மேலே வைத்துக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் குண்டும் குழியும் பார்த்து மெதுவாக ஓட்டி வந்தார். அவர் அவ்வளவு பக்குவமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. கனமான சாமான் என்பதால்தான் அப்படி என்று அப்போது நினைத்தேன்.

பலகையை அறுக்கத் தொடங்கியது ஒரு நடுப்பகலில். கணவர் வேலைக்குப் போயிருந்தார். எங்கள் குடியேற்றம் களப்புக்கும் றோட்டுக்கும் இடையில் இருக்கிறது. லுஹர் பாங்குக்கு முந்திய அந்த நேரத்தில் அங்கே ஒரு சத்தமும் இருக்காது. காகம்கூட நிழலில் வாயைத் திறந்துகொண்டு இருக்கும். வாள் இரண்டு தரம் போய்வந்ததும் ஒரு வாசனை எழுந்தது. புது மரத்தின் மணமும் இல்லை, பழைய மரத்தின் மக்கிய மணமும் இல்லை. கற்பூரம். அதற்கு உள்ளே, இன்னும் ஆழத்தில், பன்னீர். நான் வாளை நிறுத்தினேன். வாசனையும் நின்றது. மறுபடி அறுத்தேன், மறுபடி வந்தது. பலகையின் உள்ளே யாரோ இருந்து மூச்சு விடுவது மாதிரி இருந்தது.

அலுமாரிப் பலகையாக இருக்கும், உடுப்புக்குள் கற்பூரம் போட்டு வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

அந்தப் பலகைகளில் இருந்து குசினிக்கு ஒரு குட்டி வாங்கு செய்தேன். துவாய் மாட்டுகிற கொழுக்கிப் பலகை, சவர்க்காரத் தட்டுகள், அகப்பைகள், உப்புச் சிரட்டை வைக்க ஒரு தட்டு என்று துண்டு துண்டாக எல்லாமே செய்தேன். மரம் என் கைக்கு அப்படி வளைந்து கொடுத்தது. வழுவழுப்பான பக்கத்தில் சீவுளி போடவே தேவைப்படவில்லை. மிஞ்சியதை அயல் வீடுகளுக்குக் கொடுத்தேன். ஒழுங்கை முனையில் இருந்த ராத்தாவுக்கும் ஒரு சவர்க்காரத் தட்டு கொடுத்தேன். அவ என் சொந்த ராத்தா இல்லை. வயதில் மூத்தவ என்பதால் எல்லோருக்கும் ராத்தா. போன வருடம் அவட ஒரே மகன் களப்பில் வலை போடப் போய், தோணி கவிழ்ந்து மௌத்தாகிவிட்டான். அதற்குப் பிறகு அவ யார் வீட்டுக்கும் போவதில்லை. நான்தான் கொண்டுபோய் வாசலில் வைத்துக் கொடுத்தேன். வாங்கி, மூக்கருகில் பிடித்து மணந்து பார்த்தா. தட்டோடு உள்ளே போய்விட்டா.

வாங்கு வந்த பிறகு குசினியில் சின்னதாக ஏதோ மாறியது. முதலில் நான் கவனிக்கவில்லை.

பின்னேரங்களில் கதை பறைய வருகிற பெண்கள் அந்த வாங்கில்தான் இருப்பார்கள். ஊர்க்கதை எல்லாம் சத்தமாகத் தொடங்கும். வாங்கில் இருப்பவரின் கதை மட்டும் பாதியில் நின்றுவிடும். கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். ஒருத்தி, வாயாடியான பெண், ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினா.

"என்ன?" என்று கேட்டேன்.

"தெரியல்ல. ஒண்டுமில்லாம எங்கட உம்மாட நினைவு வந்திட்டுது."

நடுப்பகலில் நான் தனியாக இருக்கும்போது வாங்கு ஒரு சத்தம் போடும். 'க்ரக்' என்று ஒரே ஒரு தரம். அதில் இருந்த யாரோ எழும்பிப் போவது மாதிரி. வெயிலுக்கு மரம் சுருங்குகிற சத்தம்தான் அது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வாசல் பக்கமும் பார்ப்பேன், எழும்பியவர் போகிறாரா என்று. கோழிகள் குசினிக்குள் வருவதை நிறுத்திவிட்டன. ஆனால் அதற்குக் குசினி வாசலில் நான் அடித்த சின்னப் படலைக் கதவுதான் காரணமாக இருக்கவேண்டும்.

நீளத் தண்டுகள் மட்டும் வேலியோரம் கிடந்தன. அவற்றை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. கயிற்றுக் கொடி தொய்ந்துபோகிறது, ஒரு தண்டை இரண்டு கப்புக் கம்புகளில் வைத்தால் உடுப்புக் காயப்போட நன்றாக இருக்கும் என்று கணவரிடம் சொல்லி வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் வீட்டில் நின்றார். நான் கிணற்றடியில் கம்பு நடுகிற இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் தண்டைத் தூக்கி இடது தோளில் வைத்துக்கொண்டு வேலியில் இருந்து நடந்து வந்தார்.

பாதி முற்றத்தில் அவரது நடை மாறியது.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சாமான் தூக்குகிறவர் நடக்கிற நடை வேறு. இது நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, வேகமாகவும் ஆட்டமில்லாமலும், பக்கத்தில் வேறு ஆட்களும் நடக்கிறார்கள் என்பதைப் போல ஒரு நடை. அவரது வாய் மெல்ல அசைந்தது. "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். தான் சொல்வது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். பிறகு சட்டென்று நின்றார். இடது கை தண்டின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நின்றது. பெருவிரல் ஒரு பொத்தலுக்குள் போனது.

"இத எங்க வாங்கின?"

"மதுரங்குளியில. சொன்னன் தானே."

"இது சந்தூக்குட தண்டு."

சந்தூக்கு என்றால் பள்ளிவாசலில் இருந்து வந்து, இறந்தவரின் மய்யித்தைச் சுமந்து, அடக்க மையவாடிக்குக் கொண்டுபோகிற பெட்டி. எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது.

"விசர்க் கதை கதைக்காதீங்க. எல்லாத் தண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்."

"என்ட தோளுக்குத் தெரியும்," என்றார். தண்டை இன்னும் இறக்கவில்லை. "இஞ்ச பார், தேஞ்ச இடம். எத்தின பேர்ட தோள் பட்டுத் தேஞ்சிருக்கு. பின்பக்கம் இடது கை. நான் எப்பவும் அந்த இடத்திலதான் பிடிக்கிறது. இந்தப் பொத்தலுக்குள்ள என்ட பெருவிரல் போகும். ஒன்ட வாப்பாவக் கொண்டு போகக்குள்ளயும் போனது."

அவர் தண்டைத் தோளில் இருந்து இறக்கி, எறியாமல், குனிந்து மணலில் மெதுவாக வைத்தார். பிறகு கேட்டார்.

"பலகையும் வாங்கின தானே. அதெல்லாம் எங்க?"

இரண்டு பேரும் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். கதவு திறந்திருந்தது. வாங்கு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. கொழுக்கிப் பலகையில் என் துவாய் தொங்கியது. சோற்றுப் பானைக்குள் அகப்பை நின்றது.

எங்கள் சனத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. சந்தூக்கை நாங்கள் வாசல் வரைதான் காண்போம். வாப்பா மௌத்தான அன்று நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே பச்சைத் துணி போர்த்தியிருந்தது. ஆம்பிளைகள் சுற்றி நின்றார்கள், தூக்கினார்கள், ஒழுங்கையில் திரும்பினார்கள், அவ்வளவுதான். துணிக்குக் கீழே என்ன மரம், எந்தப் பலகை என்று நான் கண்டதே இல்லை. என்னால் பின்னால் போக முடியாத இடத்துக்குப் போன பலகையை நான் காசு கொடுத்து வாங்கி, வாளால் அறுத்து, அடுப்படியில் வைத்து, அதன் மேல் இருந்து மாதக்கணக்காக மீன் கழுவியிருக்கிறேன். வழுவழுப்பான பக்கம் ஏன் வழுவழுப்பாக இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஜும்ஆ முடிந்து வரும்போது கணவர் பாங்கு சொல்கிற பள்ளி மோதினாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். மோதினார் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தவர். தண்டைப் பார்த்தார். வாங்கைக் குனிந்து பார்த்தார், தொடவில்லை.

"ஓம், அதுதான்," என்றார். "வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் புது இரும்புச் சந்தூக்கு வாங்கித் தந்தாங்க தானே. பழசப் பின்னால ஸ்டோருக்குள்ள போட்டிருந்தம். பள்ளிக்கூரை மாத்தக்குள்ள பழைய மரம் எல்லாத்தையும் ஒண்டா அள்ளிக் குடுத்திட்டாங்க போல. ஒருத்தரும் கவனிக்கல்ல."

அந்தச் சந்தூக்கின் கதையையும் அவர்தான் சொன்னார். தொண்ணூறில் மன்னார்ப் பக்கம் இருந்து எங்கள் சனம் விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு வந்து இந்த மணலில் ஓலைக் கொட்டில் போட்டபோது, முதல் மௌத்துக்களுக்குப் பக்கத்து ஊர்ச் சந்தூக்கைத்தான் இரவல் வாங்கினார்களாம். பிறகு எங்கள் ஆட்களே பலகை சேர்த்து அடித்தது இது. அப்போது நான் கைக்குழந்தை. அதற்குப் பிறகு, இரும்புச் சந்தூக்கு வரும் வரை, எங்கள் குடியேற்றத்தில் மௌத்தான எல்லோரும் இதில்தான் போயிருக்கிறார்கள்.

"இப்ப நாங்க என்ன செய்யிறது?" என்று கேட்டேன். "பாவமா?"

"என்ன பாவம்? மய்யித்து உள்ள இருக்கிற நேரம்தான் அது சந்தூக்கு. மற்ற நேரம் வெறும் பலகை. தாராளமாப் பாவிக்கலாம்." சொல்லிவிட்டுப் படலை வரை போனவர் திரும்பி நின்றார். "என்ட பொஞ்சாதிக்கும் ஒரு அகப்பை குடுத்தீங்க தானே? அத இனிப் பாவிக்க மாட்டா, கோவிக்காதீங்க. நான் திருப்பிக் கொண்டு வந்து தாறன்."

அவர் அதை அன்று பின்னேர அஸருக்கு முன்பே கொண்டு வந்து தந்தார், பேப்பரில் சுற்றி.

கதை பரவியபின் மற்றவர்கள் என் கையில் தரவில்லை. அடுத்த நாள் காலை படலையைத் திறந்தால் வெளியே மணலில் ஒரு சவர்க்காரத் தட்டு இருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கவிழ்த்து வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் போய்ப் பார்த்தால் பக்கத்தில் ஓர் அகப்பை. யார் வைத்தார்கள் என்று காணவில்லை. ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இருந்தது, ஆனால் என் படலையைத் தாண்டும்போது எல்லோரும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் இன்னொன்று வந்திருக்கும். இப்படியே அந்த வாரம் முழுக்க, நான் செய்த சாமான்கள் ஒவ்வொன்றாக, யாரும் கொண்டு வராமலே, தாங்களாகவே நடந்து வந்தது மாதிரி என் வாசலில் வந்து சேர்ந்தன. கதை பறைய வந்த பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

கணவர் எல்லாவற்றையும் ஒரு உரப்பையில் போட்டு வைத்தார். எரிக்கலாம் என்றேன். எரிக்க அவருக்குக் கை வரவில்லை. களப்பில் போடலாம் என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. மிதந்து மறுபடி கரைக்கு வரும், எந்தக் கரைக்கு வருமோ தெரியாது. வாங்கை எடுத்து வெளிப்பக்கம் மாமரத்தடியில் வைத்தேன். அங்கே இருந்தும் நடுப்பகலில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாத தூரம் அது.

சந்தியில் இருந்து கணவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வந்து குசினியில் வைத்தார். வெள்ளை நிறம், புதுசு. நான் அதைத் தொடவில்லை. நின்றுகொண்டே சமைத்தேன்.

ஒரே ஒரு சாமான் மட்டும் திரும்பி வரவில்லை. ராத்தாவின் சவர்க்காரத் தட்டு. அவவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நான் போய்ச் சொல்லவும் பயந்தேன். அவட மகன்தான் பழைய சந்தூக்கில் கடைசியாகப் போனவன்.

ஒரு நடுப்பகல், கணவர் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த நேரம், படலை திறக்கிற சத்தம் கேட்டது. ராத்தா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றா. கையில் தட்டு இருந்தது.

"வெச்சிட்டுப் போங்க ராத்தா," என்றேன். "எல்லாரும் தந்திட்டாங்க. நான் ஒண்டும் நினைக்கல்ல."

"திருப்பித் தர வரல்ல," என்றா. "ஒண்டு கேக்க வந்தன். தலைமாட்டுப் பலகை எது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"என்ட புள்ளட தலை இருந்த பக்கம். அந்தப் பலகையில நீங்க என்ன செஞ்சீங்க?"

தெரியாது என்று சொன்னேன். எல்லாவற்றையும் குறுக்கே அறுத்துக் கலந்துவிட்டேன், எது எங்கே என்று எனக்கே தெரியாது என்றேன். அவ போகவில்லை. வெயிலில் அப்படியே நின்றா. சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு என் கணவர் எழும்பி வந்தார். கையைக் கழுவினார். உரப்பையை இழுத்து வந்து முற்றத்து மணலில் கொட்டினார். வேலியோரம் போய் இரண்டு தண்டுகளையும் தூக்கி வந்து, ஒரு ஆள் படுக்கிற அகலம் விட்டு, நேராகக் கிடத்தினார். பின்பக்கம் இடது கைப் பொத்தல் எங்கே வரவேண்டும் என்று பார்த்துத் திருப்பி வைத்தார்.

"தலை முன்னுக்குத்தான் போகும்," என்றார். "அப்ப அந்தப் பக்கம் தலைமாடு. இனி நீ வந்து பார். நீதானே அறுத்த."

நான் மணலில் குந்தினேன். ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுத்தேன். ஒரு அகப்பையின் பிடியில் ஓடிய ரேகை, கொழுக்கிப் பலகையின் ஓரத்தில் தொடர்ந்தது. இரண்டையும் ஒட்டி வைத்தேன். ஒரு சவர்க்காரத் தட்டில் பாதி ஆணித்துளை இருந்தது, மற்றப் பாதி உப்புத் தட்டில் இருந்தது. பொருந்தியது. ஒன்று கிடைத்ததும் மற்றது தானாகத் தேடி வந்தது. என் கை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கணவர் எடுத்துத் தந்தார், நான் வைத்தேன். ராத்தா முக்காட்டை விட்டுவிட்டு எங்களோடு குந்திக்கொண்டா. லுஹர் பாங்கு கேட்டது, முடிந்தது. யாரும் எழும்பவில்லை.

ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அகப்பையும் சவர்க்காரத் தட்டும் கொழுக்கியும் சேர்ந்து, இரண்டு தண்டுகளுக்கு நடுவே, ஒரு ஆள் நீளத்துக்கு, ஒரு ஆள் அகலத்துக்கு, எங்கள் முற்றத்தில் படுத்திருந்தது. வாள் தின்ற இடங்களில் மட்டும் மணல் தெரிந்தது. கற்பூர வாசனை வெயிலில் நின்றது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

"இது குறையுது," என்றா ராத்தா. மேலும் கீழுமாக வெற்றிடங்கள் இருந்தன. தன் கையில் இருந்த தட்டை எடுத்து முதலில் தலைமாட்டில் வைத்துப் பார்த்தா. ரேகை ஒட்டவில்லை. பக்கத்தில் வைத்தா. அங்கேயும் இல்லை. நான் வாங்கி, கீழே, இடது பக்க ஓரத்தில் வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.

"கால் பக்கம்," என்றார் கணவர், மெதுவாக.

ராத்தா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு அவட முகம் கோணியது. அழப்போகிறா என்று நினைத்தேன். சிரித்தா. "காலா? நான் தலையெண்டெல்லோ நெனச்சன். தெனமும் கையில வெச்சு…" சிரிப்பு பாதியில் உடைந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதா. அவ அழுது நான் கண்டது அன்றுதான் முதல் தரம். மகனைக் கொண்டுபோன அன்றுகூட அழாமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றவ.

தலைமாட்டில்தான் பெரிய வெற்றிடம் இருந்தது. அங்கே வைக்க மணலில் ஒரு துண்டும் மிச்சமில்லை. கணவர் மாமரத்தடிக்குப் போய் வாங்கைத் தூக்கி வந்தார். கவிழ்த்து, கால்கள் மேலே பார்க்க, தலைமாட்டில் வைத்தார். அதன் பலகை இரண்டு பக்க ஆணித்துளைகளோடும் ஒட்டி நின்றது.

"இதுதான்," என்றேன்.

ராத்தா வாங்கின் அடியைத் தடவினா. அடிப்பக்கம் சொரசொரப்பு. கையை உள்ளே விட்டு, மணலுக்கும் பலகைக்கும் இடையில், வழுவழுப்பான பக்கத்தைத் தேடித் தொட்டா. கையை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தா.

"இத எனக்குத் தருவீங்களா?"

என் வாப்பாவின் தலையும் அங்கேதான் இருந்திருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வாப்பா வாழ்ந்து முடித்துப் போனவர். "எடுங்க ராத்தா," என்றேன்.

கணவர் தூக்கிக் கொண்டு வந்து தருவதாகச் சொன்னார். அவ விடவில்லை. வாங்கை இடுப்பில் வைத்து, குழந்தையைத் தூக்குவது போல ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஒழுங்கையில் நடந்து போனா. வீட்டு வாசல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். அன்று ஒருத்தரும் முகத்தைத் திருப்பவில்லை.

மற்றத் துண்டுகளைக் கணவரும் மோதினாரும் மையவாடி மதிலோரம் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். நான் போகவில்லை, போக முடியாது. படலையில் நின்று உரப்பை ஒழுங்கையில் திரும்பும் வரை பார்த்தேன். தண்டுகளை மட்டும் பள்ளியில் திரும்பக் கேட்டார்கள், கபுறுக் குழி வெட்டும்போது மண் சரியாமல் முட்டுக்கொடுக்க உதவும் என்று.

நான் மர வேலையை விடவில்லை. கனமூலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த பலாமரம் ஒன்றில் இருந்து கொஞ்சம் வாங்கினேன். விழுந்த மரத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். பெண்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். சவர்க்காரத் தட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னால், "இது எங்கத்த மரம்?" என்று ஒவ்வொருத்தியும் கேட்பாள். பலா என்று சொன்னால் மணந்து பார்ப்பாள். மஞ்சள் நிறத்தைக் கண்டு நம்பிய பிறகுதான் வாங்குவாள்.

சில மாதம் கழித்து ராத்தாவைப் பார்க்கப் போனேன். அவ கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தா. துவைத்த குவியலைப் பார்த்தால் காலையில் இருந்தே அங்கே நிற்கிறா என்று தெரிந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

"உள்ள போய் இருங்க புள்ள," என்றா. "இதப் பிழிஞ்சு போட்டிட்டு வாறன். தேத்தண்ணி ஊத்திறன்."

குசினி இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. வாங்கு சுவரோரம் இருந்தது. அதன் மேலே ஒரு துணியும் இல்லை, விளக்கும் இல்லை, எந்த மரியாதையும் இல்லை. பக்கத்தில் தேங்காய் துருவின பூ கொஞ்சம் சிந்திக் கிடந்தது. அதில் இருந்துதான் துருவுகிறா போல.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு பிஸ்மி சொல்லிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தேன்.

பலகை சூடாக இருந்தது. வெயிலில் காய்ந்த சூடு அல்ல. யாரோ நெடுநேரம் இருந்துவிட்டு இப்போதுதான் எழும்பி இடம் விட்டது மாதிரியான சூடு. கிணற்றடியில் ராத்தா உடுப்பைக் கல்லில் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எழும்பவில்லை. தேத்தண்ணி வரும் வரை அப்படியே இருந்தேன்.